பாகிஸ்தானின் எஃப்-16 விமானங்கள்: ஒப்பந்தம் கட்டிப்போட்டது எதை?

2019 பிப்ரவரி 28 மாலை, டெல்லியில் முப்படை அதிகாரிகள் செய்தியாளர்கள் முன்னால் ஓர் உடைந்த உலோகத் துண்டைக் காட்டினார்கள். அதற்கு முந்தைய நாள் ஜம்முவின் மேலே நடந்த வான்மோதலுக்குப் பிறகு ரஜௌரிப் பகுதியில் கிடைத்தது அது. வானில் விமானத்தை வீழ்த்தும் அமெரிக்கத் தயாரிப்பான ஆம்ராம் ஏவுகணையின், அதாவது ஏஐஎம்-120சி-5 வகையின், பாகம். பாகிஸ்தானிடம் இருப்பவற்றில் அந்த ஏவுகணையைச் சுமந்து சுடக்கூடியது எஃப்-16 மட்டும்தான். ஜேஎஃப்-17-இலும் மிராஜிலும் அதைப் பொருத்தவில்லை. ஆனால் அன்றைய மோதலில் எஃப்-16 ஈடுபடவே இல்லை என்று பாகிஸ்தான் ராணுவத்தின் செய்தித் தொடர்பாளர் முன்பே சொல்லியிருந்தார்.

அன்று முதல் இந்தியாவில் ஒரு வாக்கியம் நிலைத்துவிட்டது. "பயங்கரவாதிகளை ஒடுக்க மட்டும்தான் எஃப்-16 கொடுக்கப்பட்டது. இந்தியாவுக்கு எதிராகப் பறந்ததே ஒப்பந்த மீறல்." விற்பனையின் வெளிப்படையான ஆவணங்களோடு வைத்துப் பார்த்தால் இது நிற்பதில்லை. மீறல் நடந்ததாக அமெரிக்கா எழுத்தில் தெரிவித்தது உண்மை. அது சுட்டிக்காட்டிய மீறல் வேறு: விமானங்கள் எந்தத் தளத்தில் நின்றன என்பது. அவை யாரைச் சுட்டன என்ற கேள்விக்குள் அந்தக் கடிதம் நுழையவே இல்லை. வாங்கும் நாட்டின் கை எங்கே கட்டப்படுகிறது, எங்கே கட்டப்படாமல் விடப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு கிடைப்பது அரிது.

சட்டத்தின் நான்கு இடங்கள்

அமெரிக்கப் போர் விமானம் பெரும்பாலும் அரசுக்கு அரசு விற்பனையாகவே வெளியே போகிறது. வாங்க விரும்பும் நாடு கோரிக்கைக் கடிதம் தருகிறது. பென்டகன் விலை, பொருள், நிபந்தனை எல்லாவற்றையும் அடக்கிய ஒரு கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறது. இத்துறையில் இருப்பவர்கள் அதை எல்ஓஏ என்பார்கள். வாங்கும் நாடு அதில் கையெழுத்திட்டால் அதுவே ஒப்பந்தம். முக்கியப் போர்த்தளவாடம் 1.4 கோடி டாலரையோ மொத்த விற்பனை 5 கோடி டாலரையோ எட்டினால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நேட்டோ நாடுகளுக்கும் வேறு சில நெருங்கிய கூட்டாளிகளுக்கும் இந்த வரம்பு உயர்ந்தது, காத்திருப்பும் 15 நாள்தான். பாகிஸ்தானுக்கு 30 நாள்.

இந்தக் கடிதத்துக்குப் பின்னால் நிற்பது 1976-ஆம் ஆண்டின் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் 4-ஆம் பிரிவு, வாங்கிய ஆயுதத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்கிறது: உள்நாட்டுப் பாதுகாப்பு, நியாயமான தற்காப்பு, ஐநா சாசனத்துக்கு உட்பட்ட கூட்டு நடவடிக்கை, இன்னும் சில. 'நியாயமான தற்காப்பு' என்பதற்கு அங்கே விளக்கம் கிடையாது. எந்த நாட்டுக்கு எதிராக என்ற பேச்சும் கிடையாது. 3-ஆம் பிரிவின்படி அமெரிக்க ஒப்புதல் இல்லாமல் பொருளை வேறொரு நாட்டுக்குக் கொடுக்கக் கூடாது, விற்கக் கூடாது, அந்த நாட்டின் ஆட்களைத் தொடவும் விடக் கூடாது. அதே பிரிவின் உட்பகுதி ஒன்று, கணிசமான மீறல் நடந்திருக்கலாம் என்று தகவல் வந்தாலே அதிபர் காங்கிரசுக்கு அறிக்கை தர வேண்டும் என்கிறது. 1996-இல் சேர்க்கப்பட்ட 40ஏ பிரிவு, விற்ற பொருளைத் தொடர்ந்து கண்காணிப்பதைக் கட்டாயமாக்கியது. அரசுக்கு அரசு விற்பனையில் அந்தக் கண்காணிப்புக்கு 'கோல்டன் சென்ட்ரி' என்று பெயர்.

கோல்டன் சென்ட்ரியில் இரண்டு படிகள் உண்டு. சாதாரணப் பொருளை, அதிகாரிகள் வேறு வேலையாகத் தளத்துக்குப் போகும்போது பார்த்து வந்தால் போதும். ஆம்ராம், ஸ்டிங்கர், ஜாவலின் போன்றவை இரண்டாவது படியில் வருகின்றன. ஒவ்வோர் ஏவுகணையின் வரிசை எண்ணையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு எண்ண வேண்டும். கிடங்கின் பூட்டு, வேலி, காவல் எல்லாவற்றுக்கும் தனிச் சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. ஏவுகணையைச் சுட்டுவிட்டால் அதையும் கணக்கில் காட்ட வேண்டும். ரஜௌரியில் கிடைத்த துண்டு இந்தியாவுக்கு ஏன் அவ்வளவு முக்கியமானது என்பது இங்கே விளங்கும். எந்த ஏவுகணை குறைந்தது என்பது வாஷிங்டனுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம்.

கோதுமையாகத் திரும்பிய பணம்

2006-இன் நிபந்தனைகளைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய கணக்கைப் பார்த்தாக வேண்டும். 1981-இல் பேசி முடித்த 40 எஃப்-16ஏ, பி விமானங்களில் முதல் தொகுதி 1983 ஜனவரியில் சர்கோதா வந்தது. ஆப்கான் எல்லையில் அவை ஆப்கான், சோவியத் விமானங்களைச் சுட்டு வீழ்த்தியபோது அமெரிக்கா எந்த ஆட்சேபமும் சொல்லவில்லை. பிற்காலத்தில் ரஷ்யாவின் துணை அதிபரான அலெக்சாண்டர் ருத்ஸ்கோய் 1988 ஆகஸ்டில் வீழ்ந்தது அப்படித்தான்.

1985-இல் வந்த பிரஸ்லர் திருத்தம், பாகிஸ்தானிடம் அணுகுண்டு இல்லை என்று அமெரிக்க அதிபர் ஆண்டுதோறும் சான்று தர வேண்டும் என்றது. 1990 அக்டோபரில் மூத்த புஷ் அந்தச் சான்றைத் தரவில்லை. அதற்குள் இன்னும் 71 விமானங்களுக்கு ஆர்டர் போயிருந்தது, அவற்றில் 28 கட்டி முடிக்கப்பட்டன. அவை அரிசோனா பாலைவனத்தில் டேவிஸ்-மான்தன் தளத்துக் கிடங்கில் போய் நின்றன. பாகிஸ்தான் கட்டியிருந்த தொகை 65.8 கோடி டாலர். 1998 டிசம்பரில் வந்த தீர்வில் 32.69 கோடி ரொக்கமாகத் திரும்பியது, மிச்சத்தில் 6 கோடிக்குக் கோதுமை. விமானங்களில் பாதி அமெரிக்கக் கடற்படையில் எதிரி விமானம்போல் நடித்துப் பயிற்சி தரும் வேலைக்குப் போயின.

இந்தக் காலத்தில் பாகிஸ்தானிடம் ஏற்கெனவே இருந்த எஃப்-16களைப் பறக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உதிரிபாகம் வருவது நின்றது, அவ்வளவுதான். போர் விமானத்தில் இது என்ன செய்யும் என்பதை வெளியில் இருப்பவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். எஃப்-16-இன் எஃப்-100 எஞ்சினில் வெப்பப் பகுதியின் சுழலி இறகுகளுக்கு ஆயுள் எண்ணி வைக்கப்பட்டிருக்கிறது. விசையை முன்னும் பின்னும் தள்ளும் ஒவ்வொரு சுழற்சியும் அந்த ஆயுளில் கழியும். விமானியைத் தூக்கி எறியும் இருக்கையின் வெடிமருந்துக் குப்பிகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. தேதி தாண்டினால் அந்த விமானம் தரையில்தான். ஒற்றை எஞ்சின் நின்றுபோனால் கட்டுப்பாட்டைத் தாங்கும் அவசர மின்சக்தி அலகு, 70 சதவீதம் ஹைட்ரசின் கலந்த எரிபொருளில் ஓடுகிறது. அந்த நச்சுத் திரவத்தைக் கையாளத் தனி உடையும் தனிப் பயிற்சியும் வேண்டும். இவற்றில் ஒன்றை நிறுத்தினாலே போதும், படைத் தளபதி பறக்கும் நேரத்தைக் குறைத்தே தீருவார். ஒரு விமானத்தின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது அடுத்த கட்டம். 2006-இல் அமெரிக்கத் தடைக்கு ஆளான வெனிசுவேலாவின் எஃப்-16 படை மெலிந்ததும் இதே வழியில்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1979 புரட்சிக்கு முன் ஈரானுக்குப் போன 79 எஃப்-14 விமானங்களில் ஒரு பகுதி, எல்லாத் தடைகளையும் தாண்டிப் பல பத்தாண்டுகள் பறந்தது. கள்ளச்சந்தை, உள்நாட்டுப் பட்டறை, பழைய விமானங்களைக் கழற்றுவது என்று எல்லா வழிகளிலும் ஈரான் முயன்றது. பாகம் அவர்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக அமெரிக்கா தன் பழைய எஃப்-14களை நறுக்கிப் போட்டது. உதிரிபாகத் தடை விமானத்தை ஒரே நாளில் நிறுத்தாது, தேய வைக்கும்.

2006: கொட்டகைக்குப் போட்ட பூட்டு

2006 ஜூன் இறுதியில் சுமார் 510 கோடி டாலர் மதிப்புள்ள தொகுப்பு காங்கிரஸ் முன் வந்தது. 36 வரை புதிய பிளாக் 50/52 விமானங்கள் (கடைசியில் வாங்கியது 18), பழையவற்றை மேம்படுத்தும் தொகுதிகள், 500 ஆம்ராம் ஏவுகணைகள். ஜூலை 20 அன்று பிரதிநிதிகள் சபைக் குழுவில் உறுப்பினர்கள் வெளியுறவுத் துறை உதவிச் செயலர் ஜான் ஹில்லனைக் குடைந்தெடுத்தார்கள். அவர்களின் பெரிய கவலை சீனா. பாகிஸ்தான் தளங்களில் சீனப் பொறியாளர்கள் புழங்குகிறார்கள், ரேடாரையும் மின்னணுப் போர்க் கருவியையும் அவர்கள் திறந்து பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பதே கேள்வி. இந்தியாவைப் பற்றிய பேச்சும் வந்தது, ஆனால் நிபந்தனைகளின் வடிவத்தைத் தீர்மானித்தது சீனா பற்றிய பயம். இதை மனதில் வைத்துப் படித்தால் ஒவ்வொரு விதியும் தன் இடத்தில் பொருந்தி உட்காரும்.

ஹில்லன் விவரித்த ஏற்பாடு அதுவரை வழக்கத்தில் இல்லாத அளவுக்கு இறுக்கமானது. விமானங்கள் அமெரிக்கா ஒப்பிய தளங்களில் மட்டுமே இருக்கும். சர்கோதாவின் முஷாஃப் தளமும் ஜேக்கபாபாத்தின் ஷாபாஸ் தளமும் அவை. அங்கே பிற நாட்டு விமானங்களிலிருந்து அவற்றைப் பிரித்து வைக்க வேண்டும். முன்கூட்டியே சரிபார்க்கப்பட்ட பாகிஸ்தான் விமானப்படையினர் மட்டும் உள்ளே போகலாம், அதுவும் தனியாகப் போகக் கூடாது, இருவராகத்தான். விமானம், கருவி, ஏவுகணை, தொழில்நுட்ப ஆவணம் எல்லாம் ஆண்டுக்கு இரு முறை எண்ணப்படும். பாகிஸ்தானுக்கு வெளியே பறப்பதானாலும், மூன்றாம் நாட்டோடு பயிற்சியிலோ நடவடிக்கையிலோ ஈடுபடுவதானாலும் முன் அனுமதி வேண்டும். இந்தப் பாதுகாப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்த பிறகே விமானம் தரப்படும். கையெழுத்தானது 2006 செப்டம்பர் 30-இல், முதல் மூன்று விமானங்கள் ஷாபாஸில் இறங்கியது 2010 ஜூன் 26-இல்.

வெளியே பறக்க அனுமதி வேண்டும் என்ற விதியைத்தான் பலர் 'இந்தியாவுக்கு எதிராகத் தடை' என்று படிக்கிறார்கள். பயிற்சி, கண்காட்சி, கூட்டு நடவடிக்கை ஆகியவற்றின் பெயரில் தொழில்நுட்பம் எல்லை தாண்டிவிடக் கூடாது என்பது அதன் நோக்கம் என்றே நாம் படிக்கிறோம். தற்காப்பில் எல்லையோரம் நடக்கும் மோதலை அந்த வரியை வைத்துத் தடுக்கலாம் என்று அமெரிக்க அதிகாரிகளே பொதுவெளியில் வாதாடியதாகத் தெரியவில்லை. 27 பிப்ரவரியில் நடந்ததும் தற்காப்பே என்று பாகிஸ்தான் சொல்ல 4-ஆம் பிரிவின் தெளிவற்ற சொல் இடம் கொடுத்தது. 2019 ஏப்ரல் 1 அன்று பாகிஸ்தான் ராணுவம், பறந்தது எஃப்-16-ஆ ஜேஎஃப்-17-ஆ என்பது பொருட்டே அல்ல, தற்காப்புக்கு எதையும் பயன்படுத்தும் உரிமை தனக்கு உண்டு என்றது. முதல் நாள் மறுப்பிலிருந்து அது நகர்ந்து வந்த தூரம் பெரிது. அந்த மறுப்பே தேவையில்லாதது என்பதை யாரோ பிறகு அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பது நம் ஊகம்.

விதி உடைந்தது தளத்தில்

போர் மூளும் அறிகுறி தெரிந்தால் எந்த விமானப்படையும் முதலில் செய்வது, விமானங்களைப் பல தளங்களுக்குப் பிரித்து அனுப்புவது. ஒரே இடத்தில் வரிசையாக நின்றால் ஒரே தாக்குதலில் போய்விடும். 2006 ஒப்பந்தமோ மிக விலை உயர்ந்த விமானங்களை, எதிரிக்கும் நன்றாகத் தெரிந்த இரண்டு தளங்களில் நிற்கச் சொல்கிறது. அமைதிக் காலத்தில் இந்த விதிக்குக் கட்டுப்படுவது எளிது. இந்திய விமானங்கள் பாலாகோட்டில் நடத்திய தாக்குதலுக்குப் பிந்தைய நாட்களில் பாகிஸ்தான் விமானப்படை தன் தொழில் சொன்னதைச் செய்தது, விமானங்களையும் ஆம்ராம்களையும் முன்னணித் தளங்களுக்கு நகர்த்தியது.

2019 ஆகஸ்டில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆயுதக் கட்டுப்பாட்டுத் துணைச் செயலர் ஆண்ட்ரியா தாம்சன், பாகிஸ்தான் விமானப்படைத் தளபதி முஜாஹித் அன்வர் கானுக்கு எழுதிய கடிதம் இதைத்தான் பேசுகிறது. அந்தக் கடிதம் டிசம்பரில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றின் வழியாக வெளியே வந்தது. நாட்டுப் பாதுகாப்புக்காக நகர்த்தியதாக நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் நாங்கள் ஒப்பாத தளங்களுக்கு நகர்த்தியது எல்ஓஏவுக்கு முரணானது, தொழில்நுட்பம் மூன்றாம் தரப்பின் கைக்குப் போகும் ஆபத்து உண்டு என்பதே அதன் சாரம். இந்தியாவோடு நடந்த மோதலைக் கடிதம் நேரடியாகத் தொடவில்லை. காங்கிரசுக்கு மீறல் அறிக்கை போனதாகவோ விநியோகம் நிறுத்தப்பட்டதாகவோ பொதுவெளியில் எதுவும் வரவில்லை.

தேதிகளையும் கவனிக்க வேண்டும். கடிதத்துக்குச் சில வாரங்களுக்கு முன், இம்ரான் கான் வாஷிங்டன் போய்வந்த அதே வாரத்தில், ஜூலை 26 அன்று, பாகிஸ்தானுக்கு 12.5 கோடி டாலருக்குத் தொழில்நுட்பப் பாதுகாப்புக் குழுவின் சேவை தொடரும் என்று பென்டகன் காங்கிரசுக்கு அறிவித்தது. 60 ஒப்பந்தப் பணியாளர்கள் பாகிஸ்தானில் தங்கி, எஃப்-16களை நாள் முழுதும், ஆண்டு முழுதும் கண்காணிக்கும் ஏற்பாடு அது. 2018 ஜனவரியில் பாகிஸ்தானுக்கான பாதுகாப்பு உதவி நிறுத்தப்பட்ட பிறகும் இது நிற்கவில்லை. காரணம் எளிது. உதவியை நிறுத்தினால் பாகிஸ்தானுக்கு நஷ்டம், கண்காணிப்பை நிறுத்தினால் அமெரிக்காவுக்கு நஷ்டம். 2025 பிப்ரவரியில் டிரம்ப் அரசு வெளிநாட்டு உதவிகளை ஒட்டுமொத்தமாக முடக்கியபோது விலக்கு பெற்றவற்றில், பாகிஸ்தானின் எஃப்-16 பயன்பாட்டைக் கண்காணிக்கும் திட்டமும் இருந்தது, 39.7 கோடி டாலருக்கு. பயங்கரவாத ஒழிப்புக்கு மட்டும், இந்தியாவுக்கு எதிராக அல்ல என்ற சொற்கள் அதையொட்டிய செய்தியில் வந்தன. 'பயங்கரவாதத்துக்கு மட்டும்' என்ற வாக்கியத்துக்கு வேர் இப்படிப்பட்ட பேச்சில்தான்: அமெரிக்க அரசு தன் உதவியை நியாயப்படுத்தச் சொல்லும் காரணம், விற்பனை ஒப்பந்தத்தின் நிபந்தனையாக மாறிப் பரவிவிட்டது.

கம்பியும் சாவியும்

விமானத்துக்குள்ளேயே போடும் கட்டுப்பாடுகள் தனி வகை. அவற்றில் மிகத் தோற்றது அணுகுண்டுக் கம்பி. 1989 ஆகஸ்டில் பென்டகன் அதிகாரி ஆர்தர் ஹியூஸ், பாகிஸ்தானுக்குத் தரும் எஃப்-16-இல் அணு ஆயுதம் சுமப்பதற்கான வயரிங் இல்லை, அதைச் செய்ய வேண்டுமானால் வயரிங்கை முழுதாக மாற்ற வேண்டும் என்று காங்கிரஸ் குழுவுக்கு உறுதி சொன்னார். அமெரிக்காவின் சொந்த அணுகுண்டுக்கு இது சரி. தானே செய்த குண்டைத் தானே மாட்ட நினைக்கும் நாட்டுக்கு, அமெரிக்கப் பூட்டுமுறைக்கான கம்பி எதற்கு? பாகிஸ்தானின் அணு ஆயுதத்தை எந்த விமானங்கள் சுமக்கக்கூடும் என்று வெளி ஆய்வாளர்கள் போடும் பட்டியல்களில் எஃப்-16 பல ஆண்டுகள் தொடர்ந்து இருந்தது.

சாவிகள் வேறு ரகம், அவை பலன் தருகின்றன. நண்பனா எதிரியா என்று கேட்கும் கருவிக்கும், லிங்க்-16 தரவுத் தொடர்புக்கும், ராணுவ ஜிபிஎஸ்ஸுக்கும் மறைகுறிச் சாவி ஏற்ற வேண்டும். அந்தச் சாவிகள் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே செல்லும். புதியதைத் தராவிட்டால் விமானம் பறக்கும், ரேடார் வேலை செய்யும், ஏவுகணையும் சுடும். ஆனால் மற்ற விமானங்களும் தரை நிலையமும் பார்ப்பது இதன் திரைக்கு வராது. மின்னணுப் போர்க் கருவியின் தரவுக் கோப்பும் அப்படியே. எதிரி ரேடார்களின் கையொப்பங்கள் அதில்தான் இருக்கின்றன. அதைப் புதுப்பிக்காவிட்டால் புதிய ரேடாரைக் கருவி அடையாளம் காணாது. மென்பொருளின் மூல வரிகளை வாங்கும் நாட்டுக்குத் தருவதில்லை என்பதால், தன்னுடைய ஏவுகணை ஒன்றைப் பொருத்தக்கூட உற்பத்தியாளரிடம்தான் போக வேண்டும். தூரத்திலிருந்து அழுத்தி விமானத்தை நிறுத்தும் ரகசிய விசை இருக்கிறது என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. அப்படி ஒன்று தேவையே இல்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் வலு.

மற்றவர்களுக்கு நடந்தது

4-ஆம் பிரிவை எடுத்துக்காட்டி எஃப்-16 விநியோகத்தையே நிறுத்தியது இஸ்ரேல் விஷயத்தில் நடந்தது. 1981 ஜூன் 7 அன்று இஸ்ரேலிய எஃப்-16கள் ஈராக்கின் ஓசிராக் அணு உலையைத் தகர்த்தன. கணிசமான மீறல் நடந்திருக்கலாம் என்று ரீகன் அரசு காங்கிரசுக்குத் தெரிவித்து, அடுத்து அனுப்பவிருந்த நான்கு விமானங்களை நிறுத்தி வைத்தது. மீறலா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லாமலே ஆகஸ்டில் தடையை விலக்கியது. சட்டம் பேசுவது 'மீறியிருக்கலாம்' என்ற நிலையைத்தான், 'மீறினார்' என்ற முடிவுக்கு வரும்படி அது அதிபரைக் கட்டாயப்படுத்துவதில்லை. 2019-இல் டெல்லி எதிர்பார்த்த தீர்ப்பு வராமல் போனதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

இந்தியாவும் இதே கையெழுத்துகளுக்கு உட்பட்டதுதான். 2007-இல் வாங்கி விசாகப்பட்டினத்துக்குக் கொண்டுவந்த ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பலின் ஒப்பந்தத்தில், தாக்குதல் நோக்கத்தில் அனுப்பக் கூடாது, அமெரிக்க ஆய்வுக்கு இடம் தர வேண்டும் என்ற வரிகள் இருந்ததை 2008-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கடுமையாகச் சுட்டினார். 2009 ஜூலையில், ஹிலாரி கிளின்டன் டெல்லி வந்தபோது, ஒவ்வொரு கொள்முதலிலும் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருந்த கண்காணிப்பு வரிகளுக்குப் பதிலாக ஒரே பொது வாசகம் ஒப்பப்பட்டது. அதற்குப் பின்னும், பாதுகாப்பான தகவல்தொடர்புக்கான இந்திய-அமெரிக்க ஒப்பந்தமான காம்காசா 2018-இல் கையெழுத்தாகும் வரை, சி-130ஜே சரக்கு விமானங்களிலும் பி-8ஐ கடல் கண்காணிப்பு விமானங்களிலும் அமெரிக்க மறைகுறிக் கருவிகள் இல்லாமல் சந்தையில் கிடைக்கும் தொடர்புக் கருவிகளை வைத்தே இந்தியா பறந்தது.

இப்படியொரு எல்ஓஏவை மேசையில் வைத்துப் படிப்பவர் பயன்பாட்டு நோக்கம் பற்றிய வரியில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. அது எல்லா நாட்டுக்கும் ஒன்று, பேசி மாற்றவும் முடியாது. பேச வேண்டியது தளங்களின் பட்டியலைப் பற்றி. நெருக்கடியில் விமானத்தைப் பிரித்து வைக்கக் கூடுதலாக நான்கைந்து தளங்களை முன்கூட்டியே ஒப்ப வைத்திருந்தால் பாகிஸ்தானுக்கு அந்த ஆகஸ்ட் கடிதம் வந்திருக்காது. அடுத்து, விநியோகம் நின்றால் கட்டிய பணம் என்ன ஆகும் என்ற வரி. 28 விமானங்களின் கணக்கு அதற்குச் சாட்சி. அதற்கடுத்து எஞ்சின் வெப்பப் பகுதிக்கும் இருக்கைக் குப்பிகளுக்கும் எத்தனை ஆண்டு கையிருப்பு முதல் தொகுப்பிலேயே வருகிறது என்பது. கண்காணிப்புக் குழுவின் செலவை யார் தாங்குவது, விலையில் நம்பியிருக்கும் மானியம் உறுதியா என்பதும் சின்ன விஷயம் அல்ல. 2016-இல் எட்டு புதிய விமானங்களுக்கு அனுமதி கிடைத்தும், அமெரிக்க மானியத்தைக் காங்கிரஸ் தடுத்ததால் 69.9 கோடி டாலர் முழுவதையும் பாகிஸ்தானே கட்ட வேண்டிய நிலை வந்தது, பேரம் முறிந்தது. பழைய விமானம் வேண்டுமென்று ஜோர்டானிடம் 13 எஃப்-16களை 2014-இல் வாங்கியபோதும் அதற்கு வாஷிங்டன் ஒப்புதல் தேவைப்பட்டது.

2022 மார்ச்சில் பாகிஸ்தான் விமானப்படை சீனாவின் ஜே-10சி விமானங்களைப் படையில் சேர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் எஃப்-16 பராமரிப்புக்கு 45 கோடி டாலர் தொகுப்பு அறிவிக்கப்பட்டது. 2025 டிசம்பரில் லிங்க்-16 உள்ளிட்ட 68.6 கோடி டாலர் மேம்பாட்டுத் தொகுப்பு காங்கிரசுக்கு அறிவிக்கப்பட்டது, விமானங்களின் ஆயுளை 2040 வரை நீட்டிக்கும் கணக்கோடு. சீன விமானம் நிற்கும் தளம் வேறு, அமெரிக்க விமானம் நிற்கும் தளம் வேறு என்று இரண்டு படைகளை ஒரே நாட்டுக்குள் பிரித்து நடத்தும் செலவு இன்னும் பதினைந்து ஆண்டுக்குப் பாகிஸ்தானின் தலையில் இருக்கும்.